துத்தம்

முதலில் நத்தைகள்.
அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.
மூன்று நத்தை மல்லாந்து கிடந்தால்
வயசாயிற்று என்று நினைக்கிற ஆள் நான்.
பிறகு காளான் பவளம் சுருங்கிச்
சட்டைப் பொத்தான் அளவானது.
பிறகு அந்தச் சுத்தியல் பவளம்,
நீல விளக்கில் பச்சையாய் அலைவது,
கைகளை உள்ளே இழுத்துக்கொண்டு
ஒன்பது நாள் நீட்டவில்லை.
பத்தாம் நாள்
விளிம்பில் தசை விலகி
நகக்கண் அளவு எலும்பு.

கீழக்கரையில் கடலுக்கு மூன்றாவது தெரு எங்களுடையது.
இந்தப் பவளமோ எங்கோ பண்ணையில் வளர்ந்து
காகிதங்களோடு விமானத்தில் வந்தது.
எதிரே இருக்கிற கடலில் ஒரு விரல் ஒடித்தாலும் ஜெயில்.
தண்ணீரும் அப்படித்தான்.
ஆர்.ஓ. தண்ணீரில் பாக்கெட் உப்பைக் கரைத்துக்
கடல் செய்கிறேன்,
கடற்காற்றில் தீப்பெட்டி நமுத்துப்போகிற வீட்டில்.
உசைனா இதற்குச் சிரித்து முடிக்க ஒரு வருஷம் ஆயிற்று.

ஐஸ் பிளான்ட் மெக்கானிக் நான்.
குளிரவில்லை என்றால்
கேஸா, கம்ப்ரசரா, கரண்டா என்று
ஒவ்வொன்றாய்க் கழற்றித்தான் பழக்கம்.
எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுகிறவன்
எது கெட்டது என்று
கடைசிவரை அறியமாட்டான்.

வெப்பம் இருபத்தாறு.
உப்பு முப்பத்தைந்து; கண்ணாடியைத் துடைத்துவிட்டு
மறுபடி பார்த்தேன், முப்பத்தைந்து.
கரண்ட் போன இரவுகளைக் காலண்டரில் வட்டமிட்டேன்.
இரண்டு. இரண்டிலும் இன்வெர்ட்டர் ஓடியிருக்கிறது.
மோட்டாரில் மின்கசிவு இல்லை.
நைட்ரேட் அடங்கித்தான் இருக்கிறது.
காரத்தன்மை மட்டும்
எட்டிலிருந்து பதினொன்று.
நான் எதையும் ஊற்றவில்லை.
அப்படியானால் யாரோ ஊற்றுகிறார்கள்.

உசைனாவைச் சந்தேகப்பட்டேன்.
சோப்புக் கையா, அத்தரா, கரப்பானுக்கு அடித்த மருந்தா என்று
ஸ்டேஷனில் கேட்கிற மாதிரிக் கேட்டேன்.
அவள் பதில் சொல்லாமல்
தொட்டிக்குப் பின்னால் கையை விட்டு
மாவு போல எதையோ
விரலில் எடுத்துக் காட்டினாள்.

சுவர்.
கடலிலிருந்து பாறை பெயர்த்துக் கட்டிய காலத்துச் சுவர்.
பூச்சு விட்டுப்போன இடத்தில் இன்றைக்கும்
நட்சத்திரம் நட்சத்திரமாய்த் துளை தெரியும்.
உப்புப் பூத்துக்கொண்டே இருக்கும், காயவே காயாது.
நோன்புக்கு முன்னால் வெள்ளையடித்த சவரிமுத்து
பூச்சி அண்டாது பாய் என்று சொல்லி
சுண்ணாம்பில் ஒரு பிடி மயில்துத்தம் கலக்கினான்.
துத்தம் வாங்கிக் கொடுத்தது நான்தான்.
அந்த நீலம் எனக்குப் பிடித்திருந்தது.

செதில் செதிலாய் உதிர்ந்திருக்கிறது,
மூடியில்லாத வடிகட்டித் தொட்டிக்குள்.
சுண்ணாம்பு காரத்தை ஏற்றியது.
செம்பு நத்தையை முடித்துவிட்டு
அடுத்த வீட்டுக்குப் போனது.

தொட்டியைச் சுவரிலிருந்து ஒரு முழம் நகர்த்தினோம்.
கரிப்பை. பாதித் தண்ணீர் மாற்று.
மூன்று நாள் விட்டு மறுபடி பாதி.
பழைய கதவுப் பலகையில் ஒரு மூடி.

சித்திரையில் அருளப்பன் வந்தான்,
அப்பா தீவுப் பக்கம் முங்குகிறவன்.
கீழே தண்ணீர் சுடுகிறது, பாறை வெளுத்துக் கிடக்கிறது என்றான்.
என் குளிரூட்டியைத் தொட்டுப் பார்த்து
எத்தனை டன் இது என்று கேட்டான்.
கால் டன்கூட இல்லை என்றேன்.
டீ ஆறிக்கொண்டிருந்தது.

சுத்தியலுக்கு நான்கு தலை இருந்தது.
இரண்டு போயிற்று.
நேற்று இரவு ஒரு மணிக்கு உசைனா என்னை எழுப்பி
லைட் போடாதீங்க என்றாள்.
செல்போன் வெளிச்சத்தைத் துப்பட்டாவால் மூடிப் பிடித்தாள்.
ஒரே ஒரு கை.
அரை அங்குலம் இருக்கும்.
நாங்கள் பார்த்தது தெரிந்ததோ என்னவோ,
உள்ளே போய்விட்டது.

நத்தை இன்னும் வாங்கவில்லை.
தண்ணீர் தேறியதா என்று தெரிய
முதலில் அதைத்தான் விடவேண்டும்.